முப்பத்தேழாம் எண் பெட்டி

பச்சையம்மாளின் மகள் உண்ணாமலை இரண்டு முறை பிறந்தவள். முதல் முறை 1981-ஆம் ஆண்டு மாசி நான்காம் தேதி, செங்கம் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த மாட்டுவண்டியில். இரண்டாம் முறை அறுபத்திரண்டு நாள் கழித்து, சித்திரா பௌர்ணமியன்று சாயங்காலம், டிரில்லிங் மிஷின் வைக்கிற ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எந்தத் தேதியை எழுதுவது என்று, திருவண்ணாமலையில் மலை சுற்றும் வழியில் இருக்கிற அடி அண்ணாமலை ஊரில் கொஞ்ச நாள் தகராறு நடந்தது. மற்றபடி அவள் பிறந்த விதம் பற்றி அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

பெட்டிகள் ஊருக்கு வந்தது 1977 ஆவணியில். ஃபிட்டர் படிப்பு முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் திரிந்த சகாதேவன், பத்துப் பேரைச் சேர்த்து இளைஞர் தொழில் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்து, ஓட்டுக் கட்டடம் ஒன்றைப் பிடித்து, டிரில்லிங் மிஷின் கேட்டு ஏதோ ஒரு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டான். எட்டு மாதம் கழித்து லாரி வந்தது. அதில் அறுபது பெட்டிகள் இருந்தன. கெட்டியான பிளாஸ்டிக், தூக்கக் கைப்பிடி, மூட இரண்டு கிளிப்பு. திறந்து பார்த்தால் மிஷினின் உடம்புக்கு ஒரு பள்ளம், அதன் கீழே மடங்கி இறங்கும் பிடிக்கு ஒரு பள்ளம். மிஷின் மட்டும் ஒன்றிலும் இல்லை. "அது அடுத்த லோடுல வருது சார்" என்று டிரைவர் சொன்னதை நம்பி சகாதேவன் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் வெள்ளைப் பெயின்டால் எண் எழுதி அடுக்கி வைத்தான். அடுத்த லோடு வரவில்லை. அவன் கடிதம் போட்டால், அந்தக் கடிதத்தின் நகலை அனுப்பும்படி பதில் வரும். சங்கக் கட்டடத்துக்குக் கரண்டே அப்போது வந்திருக்கவில்லை என்பதால் ஊரில் யாரும் பதறவில்லை.

அடுத்த மாதமே ஆயுத பூஜை வந்தது. சங்கம் என்று இருந்தால் ஆயுதத்துக்குப் பூஜை போட்டாக வேண்டும். சங்கத்திடம் ஒரு சுத்தியல்கூடக் கிடையாது. சகாதேவன் யோசித்துப் பார்த்துவிட்டு, மிஷின்கள் உள்ளே இருப்பதாகவே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தான். அறுபது பெட்டிகளையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். பூஜை போட்ட கருவியை அன்று ஒரு வேலைக்கும் எடுக்கக்கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். இந்தப் பெட்டிகளுக்கு அந்த மறுநாள் வரவே இல்லை. எழுபத்தேழு, எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது என்று நான்கு வருடம் தவறாமல் பூஜை நடந்தது, வேலை என்று ஒன்றும் கொடுக்கப்படவில்லை. இதை நம் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள் என்று நான் நினைக்கிறேன். அவ்வளவு மரியாதையை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க அந்தப் பெட்டிகளுக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

நான்காவது பூஜைக்குப் பிறகு சகாதேவனும் கொஞ்சம் தளர்ந்துபோய், வேண்டியவர்கள் ஆளுக்கொரு பெட்டி கொண்டுபோகலாம், மிஷின் வந்தால் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றான். முடிதிருத்தும் இருசப்பன் ஒரு பெட்டியில் கத்தியும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டார். இன்னொரு வீட்டில் பட்டாவையும் ரேஷன் கார்டையும் போட்டுப் பூட்டினார்கள். சகாதேவனின் மனைவி ஜோதியம்மாள் முப்பத்தேழாம் எண் பெட்டியில், சந்தைக்குக் கொண்டுபோவதற்காகப் பதின்மூன்று கோழிமுட்டைகளை வைத்து மூடினாள். அந்தச் சமயம் அவளுடைய அம்மா வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட, போனவள் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பினாள். அவள் வாசலில் கால் வைக்கும்போது கிளிப்புகள் தாமாகவே விடுபட்டு, பதின்மூன்று குஞ்சுகளும் வெளியே வந்தன. அடைகாக்கக் கோழி எதுவும் உட்காரவில்லை. இரண்டாம் முறை வைத்துப் பார்த்தபோது ஆசை தாங்காமல் பதினெட்டாம் நாள் திறந்துவிட்டாள், அத்தனையும் செத்திருந்தன. மூன்றாம் முறை வேறொரு பெட்டியில் வைத்து, திறக்காமல் காத்திருந்தாள், எல்லாம் பிழைத்தன. பெட்டியை நாமாகத் திறக்கக்கூடாது, வேளை வந்தால் அதுவே திறந்துகொள்ளும் என்பதை ஜோதியம்மாள் இப்படித்தான் தெரிந்துகொண்டாள். குஞ்சு விலை அப்போது ரொம்பக் கம்மி என்பதால் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பச்சையம்மாள் அதே தெருக்காரி. புருஷன் அப்பாசாமிக்கு மணிலாக்கொட்டை போடுகிற கொஞ்சம் நிலமும் ஒரு மாட்டுவண்டியும் உண்டு. அவளுக்கு முன்னே இரண்டு குழந்தைகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஒரு நாள்கூடத் தங்காமல் போய்விட்டன. இரண்டையும் ஒரே புங்கமரத்தடியில் புதைத்தார்கள். அந்தப் பக்கமாகப் போகும்போது பச்சையம்மாள் தலையைத் திருப்பிக்கொள்வாள். மூன்றாவதற்கும் ஏழாம் மாதத்தில் வலி கண்டது. ஜோதியம்மாள் துணைக்கு ஏறிக்கொள்ள, அப்பாசாமி வண்டியை டவுனுக்கு விரட்டினான். பாதி வழியில், ஆசிரமத்துக்கு இந்தப் பக்கமே குழந்தை பிறந்துவிட்டது. இரண்டு கையில் அடங்குகிற பெண் குழந்தை, அழக்கூடத் தெம்பில்லை. அங்கே ரோட்டோரம் குடியிருந்த வயதான நர்ஸம்மா ஒருவர் வந்து பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குக் கண்ணாடிப் பொட்டி வேணும்மா. மெட்ராசுக்குத்தான் போவணும். அதுவரிக்கும் தாங்காது" என்றார்.

"பொட்டிதானே வேணும்? எங்க ஊர்ல அறுபது கெடக்குது" என்றாள் ஜோதியம்மாள். வண்டி திரும்பியது.

முப்பத்தேழாம் பெட்டியின் பள்ளத்தில் பழைய வேட்டித் துணியை விரித்துக் குழந்தையை வைத்தார்கள். மிஷின் உடம்புக்கான இடத்தில் தலையும் முதுகும், பிடி மடங்கும் இடத்தில் மடக்கிய கால்களும் அளவெடுத்தாற்போல் பொருந்தின. ஜோதியம்மாள் மூடி, இரண்டு கிளிப்பையும் போட்டாள். பச்சையம்மாள் அப்போது வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். பொழுது சாய்வதற்குள் பெட்டி இளஞ்சூடாகி, உள்ளே சன்னமாக ஒரு ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. குழந்தை பால் கேட்கவில்லை. ஆனால் பிரசவமான பச்சையம்மாளின் வயிறு வடியாமல் அப்படியே இருந்தது, அவள் சாப்பிட்டால் பெட்டிக்கு எடை கூடியது. மாங்காய் தின்ற அன்று பெட்டிக்கு விக்கல் எடுத்தது. அதன்பிறகு அவள் மாங்காயைத் தொடவில்லை.

நாற்பதாம் நாள், பங்குனி வெயிலில், ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார் இராமலிங்கம். போளூர்க்காரர், பெட்டிகளை அனுப்பிய அலுவலகத்தில் ஆய்வாளர். நான்கு வருடக் கடிதங்களை எல்லாம் சேர்த்துப் படித்த யாரோ ஒருவர், உபயோகத்தில் இல்லாத பெட்டிகளைத் திரும்ப எடுத்துவிட உத்தரவு போட்டிருந்தார். ஐம்பத்தொன்பது பெட்டிகளைச் சங்கத்து வாசலில் வரிசையாக வைத்தார்கள். அறுபதாவது பச்சையம்மாள் வீட்டில் இருந்தது, அதையும் அங்கே கொண்டுவரச் சொன்னார். அதைத் தூக்கிப் பார்த்தவர் கனத்தையும் சூட்டையும் ரீங்காரத்தையும் கண்டு, மிஷினை ஒளித்துவைத்து ஓட்டுகிறார்கள் என்று தீர்மானித்துவிட்டார். குழந்தை என்று ஊரே சத்தியம் செய்தது. "பொட்டியில வெச்சு மூடினா கொழந்தை உயிரோட இருக்குமா? யாருகிட்ட கதை வுடறீங்க? தொறங்க" என்றார். தப்பு சொல்ல முடியாது, அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்கள். திறந்தால் பதினெட்டாம் நாள் முட்டையின் கதிதான் என்று ஜோதியம்மாள் கத்தினாள். அவர் கிளிப்பில் விரல் வைத்தார்.

பச்சையம்மாள் பெட்டியை அவர் கையிலிருந்து பறித்து, வலது இடுப்பில், மலையைப் பார்த்த பக்கமாக வைத்துக்கொண்டு, ரோட்டில் இறங்கி, "அண்ணாமலைக்கு அரோகரா" என்று சொல்லி நடக்க ஆரம்பித்தாள். அவள் மலை சுற்றக் கிளம்பிவிட்டாள். கிளம்பியவரை வழிமறிப்பதோ, பாதியில் திருப்புவதோ அந்தப் பக்கத்தில் யாருமே செய்யாத காரியம், இராமலிங்கத்துக்கும் அது தெரியும். ஒரு சுற்றுதானே, எட்டரை மைல், முடித்துவிட்டு வரட்டும் என்று செருப்பைக் கழற்றிப் புளியமரத்தடியில் போட்டுவிட்டு, அரசாங்கச் சொத்தைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ள அவரும் பின்னால் நடந்தார். குபேர லிங்கம், ஈசானிய லிங்கம், பெரிய கோயில், ஆசிரமம் எல்லாம் கடந்து இருட்டுவதற்குள் சங்கத்து வாசலுக்கு வந்தார்கள். அங்கே பச்சையம்மாள் நிற்கவில்லை. முடிகிற இடத்தில் நிற்காமல் கடந்துவிட்டால் அது அடுத்த சுற்றின் தொடக்கம்.

இருபத்திரண்டு நாள் அவள் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று சுற்று. ஊர்ப் பெண்கள் கூழும் மோரும் கொண்டுவந்து நடந்துகொண்டே குடிக்கக் கொடுத்தார்கள், மற்றதற்கெல்லாம் பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் ஓடி வந்து சேரும்வரை நடந்தார்கள். தூக்கத்தை நடந்துகொண்டே முடித்துக்கொண்டாள். வண்டிக்காரன் தூங்கினாலும் மாடு வீடு வந்து சேருவதில்லையா என்று அப்பாசாமி இராமலிங்கத்துக்கு விளக்கினான். நான்காம் நாளிலிருந்து இராமலிங்கத்துக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. சகாதேவன் அவருக்காகத் தினம் தார்ரோட்டில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றி வைத்தான். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் ஊற்றிய இடமாகப் பார்த்துத்தான் காலை வைத்தார்.

நடக்க ஆரம்பித்த பதினேழாம் நாள் உச்சிவெயிலில், நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் பச்சையம்மாளுக்குக் கண் இருட்டியது. ஊர்க்காரர்கள் அந்த நேரம் யாரும் கிட்டத்தில் இல்லை. அவள் சாய்வதற்குள் இராமலிங்கம் ஓடிவந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டார். கிளிப்பு அவர் விரலுக்குக் கீழேயே இருந்தது. ஓர் அழுத்து அழுத்தினால் பதினேழு நாள் சந்தேகம் தீர்ந்துவிடும். அப்போது உள்ளேயிருந்து, சரியாக அவருடைய விலாவில், ஓர் உதை விழுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அவர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். ரீங்காரம் என்று அவர் நினைத்திருந்தது வேகமாக அடிக்கிற ஒரு சின்ன நெஞ்சு.

"இது எந்த ஊரு மிஷின்மா, ஒதைக்குது?" என்றார்.

"நிக்காதீங்க சார், நடங்க" என்றாள் தரையில் கிடந்த பச்சையம்மாள்.

அவர் நடந்தார். அந்தச் சுற்றையும் அடுத்த சுற்றையும் இராமலிங்கமே சுமந்தார். எதிரே வந்த லாரிக்காரர்களை ஹாரன் அடிக்கக்கூடாது என்று அதட்டினார். பச்சையம்மாள் எழுந்து வந்து சேர்ந்துகொண்ட பிறகு இருவரும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். ஃபைலை அப்பாசாமி சுமந்தான்.

சித்திரா பௌர்ணமியன்று அறுபத்தாறாம் சுற்று. மலை சுற்ற வந்த வெளியூர்க் கூட்டம் முழுக்கச் செய்தி பரவி, அவர்களுக்குப் பின்னால் இரண்டாயிரம் பேர் நடந்தார்கள். சூரியன் மலைக்கு மேற்கே இறங்கி, நிலா இன்னும் தலைகாட்டாத நேரத்தில், சங்கத்து வாசலுக்குச் சரியாக நான்கு அடி முன்னால், பச்சையம்மாளின் இடுப்பில் ஒரு கிளிப்பு 'டக்' என்று விடுபட்டது. இரண்டாயிரம் பேரும் நின்றார்கள். இரண்டாவது கிளிப்பும் விடுபட்டது. மூடி தானாக எழும்பியது. கொழுகொழுவென்று ஒரு குழந்தை காலை நீட்டி, சோம்பல் முறித்து, பிறகு ஊரே அதிரும்படி அழுதது. அதே நேரம் பச்சையம்மாளின் வயிறு வடிந்து, மார்பில் பால் ஊறியது. அவள் நடுரோட்டில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அரோகரா சத்தத்தில் புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துபோயின. அப்பாசாமி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். மகிழ்ச்சி என்றால் அதுதான் மகிழ்ச்சி, அதற்குமேல் அந்த ஊர் பார்த்ததில்லை.

இராமலிங்கம் புளியமரத்தடியில் உட்கார்ந்து, ஃபைலைத் தொடையில் வைத்து எழுதினார்: 'பெட்டி எண் 37. மிஷின் ஒன்று பெறப்பட்டது. நல்ல முறையில் இயங்குகிறது. மீதிப் பெட்டிகளும் தேவைப்படுவதால் சங்கத்தின் வசமே விடப்படுகின்றன.' அந்தக் குறிப்பை அலுவலகத்தில் யாரும் மறுக்கவில்லை. நான்கு வருடமாக வராத மிஷின் ஒருவழியாக வந்து சேர்ந்ததில் அவர்களுக்கும் நிம்மதி.

அதற்குப் பிறகு கூட்டு ரோட்டிலிருந்தும் வேங்கிக்காலிலிருந்தும் துணியில் சுற்றிய குறைமாதக் குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டமாவதற்குள் முப்பத்தொரு பிள்ளைகள் அந்தப் பெட்டிகளில் இருந்து இறங்கியிருந்தார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. மிஷின் வந்துவிட்டதா என்று யாராவது வேண்டுமென்றே சீண்டினால், "வந்துக்கினே இருக்குது" என்பான் சகாதேவன். பள்ளிக்கூடத்தில் சித்திரா பௌர்ணமியையே பிறந்த தேதியாக எழுதினார்கள்.

ஆயுத பூஜையன்று முப்பத்தொரு பிள்ளைகளும் சங்கத்தில் வரிசையாக உட்கார்ந்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொள்வார்கள். பூஜை போட்டதை அன்று வேலைக்கு எடுக்கக்கூடாது என்பதால் அவர்களை ஒரு துரும்பைத் தூக்கிப் போடச் சொல்லவும் யாருக்கும் உரிமை கிடையாது. ஓய்வுபெற்ற இராமலிங்கமும் வருடம் தவறாமல் பொரி மூட்டையோடு பஸ்ஸில் வருவார். எண்பத்தொன்பதாம் வருடம் வெயிலில் வந்து உட்கார்ந்தவர் களைப்பில் மறந்துபோய், "உண்ணாமலே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்று கேட்டுவிட்டார். எட்டு வயது உண்ணாமலை நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக் காட்டி, "இன்னிக்கு எனக்குப் பூஜை தாத்தா" என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து, பானையில் தானே ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு, இன்னொன்று மொண்டு கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்.