சாக்பீஸில் எழுதிய பெயர்

போரில் இறந்தவர்களுக்கு ஊர் எழுப்பும் நினைவுத்தூணில் தன் மகன் பெயரையும் வெட்டப்போகிறார்கள் என்று இஸ்திரிக்காரம்மாவுக்கு அக்கம்பக்கத்தார்தான் சொன்னார்கள். மருமகள் மூச்சுவிடவில்லை. சம்மதம் கொடுத்தவளே அவள்தான் என்று அம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சந்தேகம் புதிதில்லை. போர்முனையிலிருந்து வந்த சவப்பெட்டியைத் திறக்கக்கூடாது என்று ஆணியடித்து முத்திரை வைத்திருந்தார்கள். அதற்கு முன் அடையாளம் காட்ட ஆஸ்பத்திரிக்கு மருமகளைத்தான் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவள், "எனக்கும் காட்டலை அத்தை" என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு. யாரையோ பெட்டியில் அடைத்து நம் தலையில் கட்டிவிட்டார்கள், பையன் எங்கேயோ எதிரியின் சிறையில் கிடக்கிறான் என்று அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பிடி. இவள் வேறு கொல்லைப்பக்கம் நின்று போனில் குசுகுசுக்கிறாள். அத்தை தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கல்யாண யோசனைதான், வேறென்ன? அவன் பெயர் கல்லில் ஏறிவிட்டால் இவளுக்குத் தடையேது?

மேசைமேல் துணிகள் அப்படியே கிடக்க, அம்மா விறுவிறுவென்று நாற்சந்திக்கு நடந்தாள். கல்வெட்டுக்காரர் கறுப்புக் கல்லில் சாக்பீஸால் பெயர்களை எழுதிவைத்து, மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தார். கடைசியில் மகன் பெயர். இஸ்திரி மேசையிலிருந்து கையோடு வந்துவிட்ட ஈரத்துணியால் அம்மா அதை ஒரே இழுப்பில் அழித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"உயிரோட இருக்கிறவனுக்கு எதுக்குய்யா கல்லு? வேணும்னா என் மருமக பேரை வெட்டு. அவதானே அவசரப்படுறா."

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தையல்கடையிலிருந்து மருமகள் மூச்சிரைக்க வந்தாள், அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது.

"வீட்டுக்கு வாங்க அத்தை. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். போன்ல யாருடி அவன்?"

"அவன் இல்ல. ஆஸ்பத்திரியில அன்னைக்கு என்னைத் தாங்கிப் பிடிச்ச நர்சக்கா." குரல் இறங்கியது. "அவங்ககிட்ட மட்டும்தான் அதைப் பேச முடியுது."

"எதை?"

மருமகள் கல்வெட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் உளியை வைத்துவிட்டு, டீ குடிக்கிற சாக்கில் நகர்ந்தார்.

"காட்டினாங்க அத்தை. பாத்தேன். முகம்னு... ஒண்ணும் மிச்சமில்ல. காலைப் பாத்துத்தான் சொன்னேன்."

"எல்லார் காலும் கால்தான்டி."

"இடது கால் சுண்டுவிரல், பக்கத்து விரல் மேல ஏறிப் படுத்திருந்துச்சு."

கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா நீவி நீவிப் பார்த்தும் நிமிராத விரல் அது. செருப்புக் கடிக்கிறது என்று பையன் எத்தனை தடவை அழுதிருக்கிறான்.

"ஏன்டி பொய் சொன்னே?"

"பாத்தேன்னு சொன்னா, முகம் எப்படி இருந்துச்சுன்னு கேப்பீங்க."

அம்மா தூணின் படியில் உட்கார்ந்தாள். இதிலும் ஏதாவது ஒளித்திருக்கிறாளோ என்று மருமகள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். அந்த முகம் இந்தமுறை திரும்பிக்கொள்ளவில்லை. அவன் முகத்தைப் பற்றி மட்டும் அம்மா கேட்கவில்லை.

கல்வெட்டுக்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "என்ன செய்யட்டும்மா?"

"என் மகன் பேரை எழுதுய்யா. இங்கேயே உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். ஒரு எழுத்து கோணினாலும் விடமாட்டேன்."

அம்மா நகர்ந்து, மருமகளுக்கு இடம் விட்டாள்.