பதினேழாம் துண்டு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக என் வேலை பாக்கெட் துழாவுவது. டாக்டர்களின் கோட்டுகள் மிஷினுக்குள் போகும் முன் பேனா, கத்தரிக்கோல், மிட்டாய் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரு பேனா தப்பினால் நாற்பது கோட்டும் நீலம். மீதி நேரம் ஸ்டீம் பிரஸ்ஸில் துணி தேய்த்தபடி நிற்பேன். இரண்டு மணிக்கட்டும் போய்விட்டன. அதிலிருந்து தப்ப ஒரே வழி சூப்பர்வைசர் தேர்வு. அதை மூன்று முறைதான் எழுதலாம். இரண்டைக் கோட்டை விட்டாயிற்று.

உட்கார்ந்து படிக்க எனக்கு நேரம் ஏது? அதனால் தேர்வுப் புத்தகத்தைக் கத்தியால் அறுத்து, எட்டெட்டுப் பக்கமாக முப்பத்திரண்டு துண்டு போட்டேன். நீராவி படாமலிருக்க ஒவ்வொன்றும் ஒரு ஜிப் கவரில், மேலே நம்பர். மிஷின் தண்ணீர் வடிக்கும் நாலு நிமிஷத்தில் ஒரு பக்கம், பஸ்ஸில் இரண்டு, பால் வரிசையில் ஒன்று.

"அடப்பாவமே, புத்தகத்தைக் கொலையே பண்ணிட்டீங்களே அண்ணி!" என்று சிரித்தாள் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள், சலவைக்கூடத்தில் துணி மடிப்பவளும் அவள்தான். சிரித்தாலும், என் சுடிதார்களில் எல்லாம் துண்டு வைக்க ஓர் உள்பை தைத்துக் கொடுத்தாள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது பதினேழாம் துண்டைக் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். அன்று அறையைப் பெருக்கியவள் நாத்தனார்.

"குப்பையில கொட்டிட்டு முழிக்கிறியா?"

"சத்தியமா நான் தொடவே இல்ல அண்ணி."

"பொய் சொல்லாதே. நான் மேல போறது உனக்குப் பொறுக்கல."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் என் பைக்குள் ஒட்டிய கவர் ஒன்று வைத்திருந்தாள். மன்னிப்புக் கடிதம் எழுதிச் சமாதானம் செய்யப் பார்க்கிறாளாக்கும் என்று பிரிக்காமலே அவள் கட்டிலில் வீசினேன்.

தேர்வு நாளில், நல்லது கெட்டதுக்கு என்று ஆணியில் மாட்டியிருந்த பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் கைப்பையையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே வழுக்கைத் தலைக் கண்காணிப்பாளர் சத்தமாகச் சொன்னார்: "யார்கிட்டயாவது பேப்பர் இருந்து நானா கண்டுபிடிச்சா, அதோட சரி. இனி இந்தப் பரீட்சையே எழுத முடியாது."

நான்காவது கேள்வி இருபது மதிப்பெண். தொற்று நோயாளிகளின் துணியை எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம், எந்த வரிசையில் வெளுக்க வேண்டும்? அத்தனையும் பதினேழாம் துண்டில் இருந்தவை. நாத்தனாரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டை எடுக்க உள்பையில் கைவிட்டேன்.

விரலில் வழவழவென்று ஜிப் கவர் தட்டுப்பட்டது. குனிந்து ஓரத்தை மட்டும் பார்த்தேன். பதினேழு.

பாங்க் வரிசையில் நிற்கப் போன அன்று நானே வைத்தது. ஒரு மணி நேரம் உடுத்திவிட்டு அப்படியே மாட்டிவிட்டேன். ஊரார் பாக்கெட்டையெல்லாம் துழாவும் மகராசிக்குத் தன் பாக்கெட்டை உதறத் தெரியவில்லை!

கட்டைவிரலுக்கடியில் இருபது மதிப்பெண். கண்காணிப்பாளர் பக்கத்து வரிசையில் ஒருவனை எழுப்பி நிறுத்திச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்து என் வரிசை. ஜன்னல் வழியே எறியலாமா? பார்த்துவிட்டு எறியலாமா? சூடு எத்தனை என்று ஒரே ஒரு வரி மட்டும்?

எழுந்துவிட்டேன்.

"சார், இது என்கிட்ட இருந்திருக்கு. எனக்கே இப்பதான் தெரியும். பிரிக்கல."

கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேள்வித்தாளையும் பார்த்தார். ஹாலே என்னைத்தான் பார்த்தது.

"நீங்களா குடுத்ததால விடறேன். ஆனா நாலாவது கேள்வி உங்களுக்குக் கிடையாது." என் தாளில் அதன் மேல் சிவப்புக் கோடு போட்டார். "மிச்சத்தை எழுதுங்கம்மா."

எண்பதுக்கு எழுதினேன். தேற அறுபது வேண்டும்.

வெளியே வேப்பமரத்தடியில் நாத்தனார் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். பத்து நாள் பேசாதவள், அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள். என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்?

"பதினேழு என்கிட்டயேதான் இருந்துச்சு," என்றேன். "உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்டி."

அன்று நான் கட்டிலில் வீசிய கவரை அவள் நீட்டினாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. "இப்பவாவது பிரிங்க அண்ணி."

உள்ளே எட்டுப் பக்கம், அவளுடைய குண்டு குண்டுக் கையெழுத்தில். யாரிடமோ புத்தகம் கடன் வாங்கி எழுதியிருக்கிறாள். மேலே வட்டம் போட்டு 17. மூன்றாவது வரியிலேயே சூடு எத்தனை, நேரம் எத்தனை என்று இருந்தது. ஒரு தரம் வாசித்திருந்தால் முதல் பத்து நிமிஷத்திலேயே நாலாவது கேள்வியை எழுதித் தள்ளியிருப்பேன்; கைக்குட்டை தேடும் அளவுக்கு வியர்த்தும் இருக்காது. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

ஐம்பத்தெட்டு வந்தது.

நான் இன்னும் ஸ்டீம் பிரஸ்ஸில்தான் நிற்கிறேன். இந்த வருடம் அவள் எழுதுகிறாள், முதல் தடவை. என் முப்பத்தொரு துண்டுகளும், அவள் எழுதிய பதினேழும் இப்போது அவளிடம். தினமும் அவள் கிளம்பும் முன் பாக்கெட்டை நான்தான் உதறிப் பார்க்கிறேன்.