அக்கா தோற்கும் ஆட்டம்

...பொருந்துகிறது என்று டாக்டரம்மா சொன்னபோது நான் ஏன் மின்விசிறியைப் பார்த்தேன், "கிட்னி நல்லாப் பொருந்துதும்மா, பயமா இருந்தா வேண்டாம், பொருந்தலன்னே உங்க அக்காகிட்ட நாங்களும் சொல்லிடுவோம், யோசிச்சு சொல்லு" என்று அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், சிரித்த முகத்தோடே நடைவழியைக் கடந்து வந்து இதோ அக்காவின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன், அவளுடைய ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. இவளுக்குத் துணைக்கு வரத்தான் பத்தாவதோடு பள்ளியை விட்டேன்... அதற்காக மட்டுமா, வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அதிலிருந்து தப்பித்த நிம்மதியும் கொஞ்சம் இருந்ததே.

"ஆரம்பிடி, இன்னிக்கு எவன் செத்தான்?" என்கிறாள் அக்கா. எங்கள் ஆட்டம் இது, செத்துப்போன கணக்கு மேதைகள், விஞ்ஞானிகள் பற்றி நான் ஒன்று சொல்வேன், நூலகத்தில் படித்ததாகவும் இருக்கும், நானே கட்டிவிட்டதாகவும் இருக்கும், உண்மையா டூப்பா என்று அவள் சொல்ல வேண்டும். வானத்தை ஆராய்ந்த ஒருவருக்கு வாள் சண்டையில் மூக்கு அறுபட்டது, சாகும்வரை உலோக மூக்கை ஒட்டிக்கொண்டு திரிந்தார் என்கிறேன். "டூப்பு. சளி பிடிச்சா என்னடி பண்ணுவான்?" தோற்றாள், அது உண்மை. இன்னொருவர் ஒரு நட்சத்திரத்துக்குப் பெண்டாட்டி பெயரை வைத்தார், மறுநாள் தேடினால் அதைக் காணோம், ஆயுசு முழுக்க வீட்டில் திட்டு. "இது உண்மை! எல்லா வீட்லயும் நடக்கறதுதானே." மறுபடியும் தோற்றாள், அது நேற்று பாத்திரம் கழுவும்போது நான் கட்டியது. எப்போதும் தோற்பாள், தோற்றுவிட்டுக் குழாய் குத்தாத கையால் என் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

முதல் டயாலிசிஸ் மெஷினை ஒரு டாக்டர் யுத்த காலத்தில், இறைச்சி அடைக்கிற மெல்லிய உறையை வைத்துச் செய்தார் என்கிறேன். "சீ, டூப்பு." உண்மைதான், ஆனால் அதில் முதன்முதலாகப் படுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் செத்துப்போனதை நான் சொல்லவில்லை, பாதியை விழுங்கிவிட்டால் மிச்சம் உண்மையா டூப்பா... ஒருவர் செத்த பிறகு அந்த டாக்டர் எப்படி மெஷினைக் கழுவி அடுத்தவரைப் படுக்க வைத்தார், கை நடுங்கவில்லையா, எனக்கு ஊசியைப் பார்த்தாலே... கை தானாக இடுப்பின் பக்கவாட்டைத் தொடுகிறது, இங்கேதான் கிழிப்பார்கள், எனக்குக் கல்யாணம், பிள்ளை என்று இனிமேல்தானே எல்லாம், மாட்டேன் என்றால் யார் என்ன செய்துவிட முடியும், ஆனால் அக்காவின் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்கிறது, பக்கத்துக் கட்டில்காரர் போன வாரத்திலிருந்து வரவில்லை, ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அங்கே இப்போது வேறு யாரோ வாயைத் திறந்து தூங்குகிறார்.

"ஏய், உன் டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சா?"

மெஷினின் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள், ஏதோ மணி கேட்பது போல. "வந்துச்சுக்கா. பொருந்தலையாம்." என் வாயா அது, ஒரே மூச்சில், திக்காமல், இவ்வளவு தெளிவாக எப்போதாவது நான் பேசியிருக்கிறேனா... அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

"உண்மை" என்கிறாள்.

நான் கேட்கவே இல்லையே, உண்மையா டூப்பா என்று நான் கேட்கவே இல்லையே. "போர்வையை இழுத்து விடு, குளிருது" என்கிறாள், இழுத்து விடுகிறேன், அவள் பாதம் என் கையில் தண்ணென்று கனக்கிறது. மூக்கில்லாதவரையும் நட்சத்திரத்தைத் தொலைத்தவரையும் நிஜமாகவே தெரியாமல்தான் தோற்றாளா, அல்லது ஒவ்வொரு தடவையும் நான் ஜெயிக்கட்டும் என்று... டூப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உடைந்திருப்பேன், எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன், அது தெரிந்துதான் சொல்லாமல் விட்டாளா. அக்கா, என்று கூப்பிடப் போகிறேன், கூப்பிட்டே விட்டேன் போலிருக்கிறது, அவள் கண்ணை மூடியபடியே சொல்கிறாள்:

"ம்... அடுத்தது சொல்லுடி."