குளோரைடைக் கழித்தவள்

கோகிலாம்பாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாலே அவள் அம்மா சண்முகவடிவு மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"ஏட்டி, அங்கயே நில்லு. அழுகின முட்டையைத் தலையில தேச்சுக்கிட்டு வந்தவ மாதிரி நாறுற. போயி முகங்கைகால் கழுவிட்டு உள்ள வா."

ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் வாடை அது. கழுவினால் போகிற வாடையா? தாவணியில் ஏறிக்கொண்டால் லேசில் இறங்காது. கோகிலாவுக்குப் பதில் பேசத் தெம்பு இருந்தால் அல்லவா! சோற்றைப் பிசைந்துகொண்டே கண் சொருகிவிடும், அதற்கும் ஒரு வசவு விழும்.

எல்லாம் ரசாயனப் போட்டியால் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அகில இந்திய அளவில் ஒரு போட்டி. எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு மதுரையில் ஒரு கல்லூரியில் செய்முறைச் சுற்று, அதில் முதலாவதாக வருகிறவருக்கு டெல்லி. எழுத்துத் தேர்வில் கோகிலா தேறிவிட்டாள். எழுபத்திரண்டாம் வருசம், பாலவனத்தத்துப் பெண்பிள்ளை டெல்லிக்குப் போவதாவது என்று ஊரே சிரித்தது.

அவளுக்கு டெல்லி ஒரு பொருட்டே இல்லை. மதுரையில் கல்லூரி, அதுதான் வேண்டும். அப்பா சங்கரபாண்டியனுக்கு அருப்புக்கோட்டையில் வத்தல் மண்டி. பள்ளிக்கூடப் படிப்பு முடிகிற பதினோராம் வகுப்போடு பெண்ணை நிறுத்துவது என்று அவர் முடிவு செய்திருந்தார். ரசாயன டீச்சர் முருகேஸ்வரி மண்டிக்கே போய்க் கெஞ்சினாள். ஆளைக் கிளப்பினால் போதும் என்று அவர் ஒரு பேச்சுப் பேசினார்.

"சரி டீச்சர். இவ டெல்லிக்குப் போற பிள்ளைன்னா நானே மதுரையில காலேஜு சேத்துவிடுறேன். இல்லைன்னா நீங்களும் கேக்கப்படாது, இவளும் கேக்கப்படாது. அம்புட்டுத்தான்."

சங்கரபாண்டியன் ஒரு வார்த்தை சொன்னால் பஜாரே அதை நம்பும். சொன்ன விலையிலிருந்து பின்வாங்கினார் என்று ஒருத்தனும் பேசியது கிடையாது. கோகிலாவுக்கு அதுவே பெரிய தைரியமாக இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டபின் ஆய்வறை என்று சொல்லப்பட்ட ஒட்டடை பிடித்த அறையில் பயிற்சி நடந்தது. டீச்சர் ஒரு பொடியை மடித்துக் கொடுப்பாள். அதைத் தண்ணீரில் கரைத்து, இதை ஊற்றி, அதைச் சொட்டி, அந்த உப்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அடர் அமிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை என்று போட்டியில் விதி இருந்ததால் எல்லாம் கரைசலை வைத்தே பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னல் வழியே அனல் அடிக்கும். ஸ்பிரிட் விளக்கின் சூடு வேறு. கண் எரிந்து தண்ணீர் வடிய உட்கார்ந்திருப்பாள்.

இதில் பெரிய இம்சை எங்கள் சீமைத் தண்ணீர்தான். வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினால் குளோரைடு இருக்கிற கரைசலில் வெள்ளை வெளேரென்று திரியும், அதுதான் சோதனை. ஆனால் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரில் எதைக் கரைத்துச் சொட்டினாலும் திரிந்தது. சாப்பாட்டு உப்பும் குளோரைடுதானே, அத்தனை உப்பு அதில்! மழைத்தண்ணீர் பிடித்து வைக்கலாமே என்பீர்கள். பெய்தால் அல்லவா பிடிப்பதற்கு! காய்ச்சி வடிக்கலாமே என்பீர்கள். வடிக்கிற கண்ணாடிக் குழாய் உடைந்து, புதுக் குழாய் கேட்டு எழுதிப்போட்டு, பதில் வருவதற்குள் டீச்சருக்கே அது மறந்துபோயிற்று.

"அது நம்ம தண்ணியில உள்ளது கோகிலா. அதைக் கழிச்சிரு. குளோரைடு உள்ள உப்பை நான் உனக்குக் கொடுக்கவே போறதில்ல" என்று சொல்லிவிட்டாள் முருகேஸ்வரி டீச்சர்.

ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீரில் தனியாக ஒருமுறை சொட்டிப் பார்க்கிற வழக்கத்தையும் நிறுத்தியாயிற்று. வெள்ளி நைட்ரேட்டு சும்மாவா வருகிறது? அதனால் கோகிலா 'வெள்ளை வீழ்படிவு' என்று எழுதுவாள், உடனே மேலே ஒரு கோடு இழுப்பாள். எழுதுவதும் அடிப்பதும் ஒரே வேலையாகிப் போயிற்று. சித்திரை வெயிலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் காய்ச்சலோடும் அதைச் செய்தாள். சில நாள் கல்லூரி, டெல்லி எல்லாம் மறந்து எங்காவது படுத்தால் போதும் என்றிருக்கும்.

மதுரைக்கு டீச்சரோடு அப்பாவும் வந்தார். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்புவார்களா என்ன? அவர் கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே பளபளவென்று நீள மேசை, கைகழுவ ஆளுக்கொரு குழாய், வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். கோகிலா கொஞ்ச நேரம் மிரண்டு நின்றாள். பிறகு வேலையில் இறங்கியதும் கை அதுபாட்டுக்கு ஓடியது. துத்தநாகம் வந்தது. மெக்னீசியம் வந்தது. சல்பேட்டு வந்தது. வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினாள். வெள்ளையாகத் திரிந்தது. எழுதினாள். கோடு இழுத்தாள். எல்லாருக்கும் முன்னால் தாளைக் கொடுத்துவிட்டு, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் முடிவைச் சொன்னார்கள். தூத்துக்குடிப் பையன் ஒருவன் டெல்லிக்குப் போகிறான். தேர்வாளராக இருந்த பேராசிரியை கோகிலாவைத் தனியே ஆய்வறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"இங்க பாரும்மா, எல்லாம் சரியா இருக்கு. குளோரைடும் வந்ததுன்னு நீயே எழுதியிருக்கே. அப்புறம் ஏன் அடிச்சே?"

"அது தண்ணியில உள்ளது மேடம்."

"எந்தத் தண்ணியில?" என்று அவர் மேசை மேல் இருந்த பெரிய ஜாடியைக் காட்டினார். "அது காய்ச்சி வடிச்ச தண்ணியாச்சே. அதுல ஒண்ணுமே கிடையாதே!"

கோகிலா ஜாடியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஜாடியிலிருந்துதான் காலையில் தன் கையாலேயே தண்ணீர் பிடித்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைக்கூடப் படித்தாள். படித்தும் கை கோடு இழுத்துவிட்டதே! பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில் முருகேஸ்வரி டீச்சர் அழுதுவிட்டாள். "என் தப்புங்க. நான்தான் கழிக்கச் சொல்லிப் பழக்கினேன். பிள்ளை மேல குத்தமில்ல."

"என்னத்தைக் கழிச்சா? எனக்கு ஒண்ணும் புரியலையே" என்றார் சங்கரபாண்டியன்.

கோகிலாதான் சொன்னாள். "மண்டியில வத்தலைச் சாக்கோட நிறுக்கிறீங்கள்லப்பா. அப்புறம் சாக்கு எடையைக் கழிப்பீங்கள்ல. நம்ம ஊருத் தண்ணியில எப்பவும் உப்பு இருக்கு, அதனால நான் எப்பவும் அதைக் கழிப்பேன். இங்க தண்ணி சுத்தமான தண்ணி. உப்பு, கொடுத்த பொடியிலயே இருந்திருக்கு. அதையும் கழிச்சுட்டேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். சட்டென்று தொடையில் தட்டினார்.

"அடப்பாவமே! சாக்கே இல்லாத சரக்குக்குச் சாக்குக் கழிச்சுட்டியே தாயி!" என்று சிரித்தவர், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அசலூருக்காரனுக்கு இது வெளங்காது. நம்ம பிள்ளைக்குத்தான் இந்தத் தப்பு வரும். உன் மேல ஒரு குத்தமும் இல்ல."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப காலேஜுல சேத்துவிடுங்களேன் அண்ணாச்சி."

சங்கரபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இவ டெல்லிக்குப் போயிருந்தா நாளைக்கே சேத்திருப்பேன். பேசின பேச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல டீச்சர். கேக்கப்படாதுன்னு அன்னைக்கே சொல்லியாச்சு."

கோகிலாவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அலுப்பும் மொத்தமாக உடம்பில் இறங்கியது.

"உங்களுக்குப் புரியலைன்னா புரிய வைக்கப் பாப்பேன்ப்பா. நல்லாப் புரிஞ்சுக்கிட்டு மாட்டேங்கிறீங்களே. இனிமே நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார்.

பஸ் ஸ்டாண்டில் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு ஒரே கூட்டம். இந்த வயதிலும் முண்டியடித்து முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு மகளுக்கு இடம் பிடித்தார் சங்கரபாண்டியன்.

"தாயி, இங்க வா. காத்து வரும்" என்று கூப்பிட்டார்.

கோகிலா உள்ளே வந்து, அந்தத் துண்டை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தாள். டீச்சரை அங்கே உட்காரச் சொன்னாள். கால் இரண்டும் விட்டுப்போகிற மாதிரி வலித்தது. அருப்புக்கோட்டை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். வழியில் எத்தனையோ இடம் காலியாயிற்று. அவர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார்.