பதிவாளர் ஓரினும் பதினைந்து பிரேக்கும்

தம்பி ஷோயபுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாடி அறை புதுப்பெண்ணுக்கு என்று முடிவாயிற்று. அந்த அறையில் என்னுடையதாக மிச்சமிருந்தது ஓர் அட்டைப்பெட்டி மட்டும்தான். அம்மா அதைத் தூக்கிவந்து என் காலடியில் பொத்தென்று வைத்தார்.

"இத நீ எடுத்துக்கினு போறியா நிகத், பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடட்டா?"

உள்ளே மூன்று தடிப் புத்தகங்கள். இங்கிலீஷ் கதைதான், ஆனால் அதில் வரும் நகரத்துக்கு வளைநகர் என்று நாங்களாகத் தமிழில் பெயர் வைத்திருந்தோம். நாங்கள் என்றால் நானும் ஜெயப்ரியாவும். பதினைந்து வயதில் மூன்று பாகத்தையும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்துவிட்டு, உலகத்தைத் திருத்துவது என்று இருவரும் முடிவு செய்தோம். நடுவில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்துவிட்டதால் அது தள்ளிப்போனது.

கதை இதுதான். வளைநகரில் பதினாறு வயதானால் கையில் ஒரு கலர் பட்டை கட்டுவார்கள். என்ன வேலை, எந்தச் சாப்பாடு, எந்த வாசல் வழியாக உள்ளே வரலாம் என்பதெல்லாம் அந்தக் கலரைப் பொறுத்தது. யாராவது இனித் தேவையில்லை என்றால் அவர்களுக்கு 'ரெஸ்ட்' கொடுப்பார்கள். ரெஸ்டுக்குப் போனவர்களை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறவள் பதிவாளர் ஓரின். மெல்லிய கண்ணாடி, சுத்தமான மேசை, கோபமே வராத குரல். அவளை எதிர்த்துப் புறப்படுகிறாள் கைரா என்கிற பெண். மூன்றாம் பாகத்தின் முடிவில் பதிவேட்டைக் கொளுத்துகிறாள். நகரமே விடுதலை ஆகிவிடுகிறது.

இப்போது எனக்கு முப்பத்தொன்று. சூளகிரி பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை. கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். பெட்டியைப் பேப்பர்காரனுக்குப் போட மனம் வராமல் முதல் பாகத்தைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றே நாளில் கைராவின் மேல் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. முதல் நூறு பக்கத்துக்குள் அவள் நான்கு முறை ஷிஃப்டுக்குத் தாமதமாக வருகிறாள். ஒருமுறைகூட முன்கூட்டித் தகவல் இல்லை. மெஷின் ஓடும்போது தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்கிறாள். சூப்பர்வைசர் கேட்டால் பதில் சொல்லாமல் கண்ணில் தீப்பொறி பறக்க முறைக்கிறாள். எங்கள் கம்பெனியாக இருந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே மெமோ கொடுத்திருப்பேன். ஓரினோ முந்நூறு பக்கம் பொறுத்துப்போகிறாள்.

எனக்கு ஓரினைப் பிடித்துப்போனது. இதற்கு நான் அதிர்ச்சி அடைந்திருக்க வேண்டும், அடையவில்லை. வேலை தெரிந்த பெண்ணைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது. இருபதாயிரம் பேருக்கு வருகைப்பதிவை ஒருத்தியாகப் பார்க்கிறாள். லீவுகூட எடுப்பதில்லை.

சங்கடம் ஓரங்களில் இருந்தது. புத்தகம் முழுக்க ஓரத்தில் நாங்கள் எழுதிவைத்திருந்தோம். நான் பச்சைப் பேனா, ஜெயப்ரியா பென்சில். இரண்டாம் பாகத்தில், ஓரின் முதல் ரெஸ்ட் பட்டியலில் கையெழுத்துப் போடும் இடத்தில் என் கையெழுத்து: "இந்தப் பொம்பளைக்கு எப்படித் தூக்கம் வருது?" அதன் கீழே பென்சிலில்: "நல்லா வரும்டி. ஏசி ரூம்."

அதைப் படித்தபோது பஸ் சூளகிரி மேம்பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் கழுத்தில் கிடந்த என் நீலக் கயிற்றைச் சரிசெய்துகொண்டேன். எங்கள் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளிக்கு அடையாள அட்டை நீலக் கயிற்றில் தொங்கும். டிரெய்னிக்குப் பச்சை, கான்ட்ராக்ட் ஆளுக்கு மஞ்சள். கேன்டீனில் மஞ்சளுக்குத் தனி வரிசை. நான்கு வருஷமாக அந்தக் கயிறுகளை ஆர்டர் செய்கிறவள் நான்.

ஜெயப்ரியா மஞ்சள்.

அவளுக்கு மத்தூர் பக்கம் சொந்த ஊர். கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கி என்னோடு படித்தாள், டிப்ளமோ முடித்தாள், பெங்களூரில் சில வருஷம் வேலை பார்த்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், அதிலிருந்து வெளியேயும் வந்தாள். இப்போது நான்காவது படிக்கும் மகளோடு சூளகிரியில் ஒற்றை அறையில் இருக்கிறாள். கான்ட்ராக்டர் அனுப்பிய பதினான்கு பேர் கொண்ட பேட்சில் ஒருத்தியாக வந்து என் முன்னால் நின்றாள். மஞ்சள் கயிற்றை நீட்டினேன். "தேங்க்ஸ் மேடம்" என்றாள், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். தனியாக இருக்கும்போது வாடி போடி, ஆள் இருந்தால் மேடம். அந்த ஏற்பாடு அவளே செய்தது.

இங்கே பிரேக் பற்றிச் சொல்லியாக வேண்டும். கான்ட்ராக்ட் ஆள் தொடர்ந்து இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்துவிட்டால் நினைத்தபடி அனுப்ப முடியாது, சட்டம் குறுக்கே வந்து நிற்கும். அதனால் அதற்கு முன்பே பதினைந்து நாள் பிரேக் கொடுத்து அனுப்பிவிட்டு, புது டோக்கன் நம்பரில் மறுபடி எடுப்பார்கள். கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை இந்த வார்த்தை தெரியாத வீடு இல்லை. "என்னா வூட்ல இருக்க?" என்றால் "பிரேக் குட்த்துட்டாங்க" என்பார்கள். கேட்டவர் மேற்கொண்டு கேட்க மாட்டார்.

ஜெயப்ரியாவின் பேட்சுக்கு இருநூற்று இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்று பதினான்கு பேரும் ஒருநாள்கூட லீவு எடுத்திருக்கவில்லை. எங்கள் எச்.ஆர். மேனேஜர் ராஜப்பன் சார் கூப்பிட்டார்.

"இந்தப் பேட்சுக்கு பிரேக் போட்டுடுங்க. இந்தத் தடவ திரும்ப எடுக்கறது இல்ல. அவங்க செய்யற வேலைக்கெல்லாம் ரோபோ வருது. இப்ப சொல்ல வேணாம், கான்ஃபிடென்ஷியல்."

சரி சார் என்றேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கான்ஃபிடென்ஷியல் என்பது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் சின்னராஜுக்குப் பதினான்கு டோக்கன் நம்பரையும் வாட்ஸப்பில் அனுப்பி, கீழே தட்டினேன்: "இவங்களுக்கு 15 பிரேக் குடுத்துடுங்க." அவர் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். நான் மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பதினைந்து நாள் கழித்து அந்த டோக்கன்களை மூடுவதற்காக சிஸ்டத்தைத் திறந்தேன். பதினான்கு டோக்கனும் உயிரோடு இருந்தன. எல்லாவற்றிலும் இருநூற்று முப்பத்தேழு நாள். அன்று காலை ஆறு மணிக்கும் வருகைப் பஞ்ச் விழுந்திருந்தது.

சின்னராஜ் பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். இந்த வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"சின்னராஜ், அந்தப் பதினாலு பேருக்கு பிரேக் குடுக்கச் சொன்னேனே?"

"ஆயித்து மேடம்! அன்னிக்கே குட்த்தாச்சு."

"என்ன குடுத்தீங்க?"

"பதினஞ்சு நிமிசம். டீ, ஆளுக்கு ரெண்டு பிஸ்கட்டு. மத்தவங்கள்லாம் எங்களுக்கு எங்கன்னு ஒரே சண்ட மேடம். ஸ்பெசலா வேல செஞ்சவங்களுக்குன்னு சொல்லி சமாளிச்சேன்." கொஞ்சம் தயங்கினார். "கம்மியா போச்சா?"

கம்மியாகப் போகவில்லை என்றேன். போனை வைத்தபோது சிரிப்பு வந்தது. 'நாள்' என்ற ஒரு சொல்லை நான் எழுதாமல் விட்டதில், என் தோழிக்கு வேலை போவதற்குப் பதிலாக இரண்டு பிஸ்கட் கிடைத்திருக்கிறது.

இன்னும் மூன்று நாள். நான் ராஜப்பன் சார் அறைக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் மத்தியானத்துக்குள் பதினான்கு பேரும் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். அதைச் சொல்வது என் வேலை. அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில், கைரா தீப்பந்தத்தோடு சுவர் ஏறிக் குதித்துப் பதிவேட்டு அறைக்குள் நுழையும் அத்தியாயத்தைப் படித்தேன். பதினைந்து வயதில் இந்த இடத்தில் அழுதிருக்கிறேன். இப்போது எழுபது பக்கம் நீளமாகத் தெரிந்தது. சுவர் ஏறுவது, குதிப்பது, காயம்படுவது, அதற்கு நடுவில் ஒரு பையனைக் காதலிப்பது. நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருப்பது. எனக்குச் சுவரே இல்லை. வயதான பிறகு புரட்சி இவ்வளவு சுலபமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

மூன்று நாளும் சும்மா இருந்தேன். கயிறு ஆர்டர் செய்தேன். கேன்டீன் குழம்பில் உப்பு இல்லை என்கிற புகாரைக் கோப்பில் சேர்த்தேன். ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிப் பஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடித்தேன். இருநூற்று முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பதைப் பார்த்ததும் கண் கலங்கியது. பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் காரணம் வெங்காய பஜ்ஜி என்றேன். பஜ்ஜியில் வெந்த வெங்காயம் எப்படிக் கண்ணைக் கலக்கும் என்று அவள் கேட்கவில்லை, நல்ல பெண்.

மறுநாள் ராஜப்பன் சாருக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. அவர் எப்போதும் கத்துவதில்லை.

"சின்னராஜ அனுப்பிடலாம். அது பெரிய விசயம் இல்ல. சிஸ்டத்துல அந்தப் பதினஞ்சு நாளையும் ஆப்சென்ட்னு மாத்தச் சொல்லிட்டேன். பிரின்ட் எடுத்து சரிபார்த்தேன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"சின்னராஜ் மேல தப்பு இல்ல சார். நாள்னு நான் எழுதல. அப்புறம் இருநூத்தி முப்பத்தேழுலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன்?"

வளைநகர் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "அவங்க வேல பாத்த நாள் சார் அது. ஆப்சென்ட்னு என்னால கையெழுத்து போட முடியாது."

"யோசிங்க நிகத். உங்க நல்லதுக்குச் சொல்றேன். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கு மேல உங்க லாகின் வேல செய்யாது. நான் மெயின் பிளான்ட் வரைக்கும் போயிட்டு வர்றேன்."

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் என் சீட்டுக்கு வந்தேன். பதிவு இன்னும் மாற்றப்படவில்லை. ஜெயப்ரியாவின் டோக்கனைத் திறந்து, முதல் நாளிலிருந்து இன்றைக்கு வரை பஞ்ச் விவரம் முழுவதையும் பிரின்ட் எடுத்தேன். ஒன்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். இதைக் கொண்டுபோய்த் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தால் அவளை லேசில் அனுப்ப முடியாது. என் வேலை போய்விடும், சந்தேகமே இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை பொங்கியது. சுவர் ஏறிக் குதித்த மாதிரிதான் இருந்தது.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டது. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஜெயப்ரியாவைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ரோபோ, பட்டியல், பிஸ்கட், ராஜப்பன் சார், எல்லாம். முதல் பாதியைக் கேட்கும்போது அவள் முகம் இறுகியது.

"லிஸ்ட்ல என் பேரப் பாத்தியா நீ? பாத்துட்டா அனுப்புன?"

"பாத்தேன்டி. பாத்துட்டுதான் அனுப்புனேன். தப்பு என்னுது."

அவள் ஒன்பது பக்கத்தையும் வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கடைசிப் பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்னால் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுபோல.

"மத்தவங்களோடது எங்க?"

"எந்த மத்தவங்க?"

"பதிமூணு பேருடி. அவங்களுக்கும்தான இருநூத்தி நாப்பது ஆச்சு?"

எனக்கு அது தோன்றவே இல்லை. பதினான்கு நம்பரையும் என் விரலால்தான் தட்டியிருந்தேன், மூன்று நாளும் பதினான்கு பஞ்சையும்தான் பார்த்திருந்தேன். ஆனால் பிரின்ட் கொடுக்கும்போது ஓர் ஆள்தான் நினைவில் இருந்தாள். அவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"அவங்க யாரு, என்னான்னாவது தெரியுமா உனக்கு?"

"டோக்கன் நம்பர் தெரியும்."

ஜெயப்ரியா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது. ஆளுக்கு ஒன்பது பக்கம், பதின்மூன்று பேர். ஐந்து மணிக்கு லாகின் போய்விடும், பிரின்டரில் பேப்பர் வேறு அடிக்கடி சிக்கும். என் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"எழுதிக்க" என்றாள். "முனிராஜ், பிரஸ் லைன், அவருக்கு ஒரு காது கேக்காது, கூப்ட்டா திரும்ப மாட்டாரு, போய்த் தொடணும். ராஜாத்தி, பேக்கிங். சரோஜம்மாள், அவங்க அக்கா. தமிழரசன்..."

"மெதுவா சொல்லுடி" என்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள். நான் ஒவ்வொருவராக எழுதிக்கொண்டேன்.