இரண்டாவது குழந்தை

1

இந்தக் கதை என் இருமலில் பிறந்தது. நகரச் சுகாதாரத் துறையில் நோய்களைக் கண்காணிப்பவர் என் அண்ணி. அனுதாபத்தை எதிர்பார்த்து அவர் முன்னால் இருமிக் காட்டினேன்.

"வழக்கமா எத்தனை தடவை இருமுவ?" என்றார், நிமிராமல்.

"வழக்கமா இப்படித்தான் அண்ணி."

"அப்பப் போய் வேலையப் பாரு."

2

[முதல் தொடக்கம்: நகரெங்கும் பிணங்கள் குவிந்து—]

"எந்த ஊருப்பா இது?" என்றார் அண்ணி, படித்துவிட்டு. அந்த வரியை அடித்துவிட்டேன்.

[அடுத்தது: மழைக்காலம். முந்நூறு பேருக்குக் காய்ச்சல். நாயகி, அதாவது அண்ணி, பதறி எழுந்து—]

"எதுக்குப் பதறணும்? மழை வந்தா இங்க வருஷா வருஷம் முந்நூறுதான். மருந்து கொடுப்போம். வழக்கத்த மீறினாத்தான் நோய்ப்பரவல்."

(நாயகி பதறாவிட்டால் எழுத்தாளன் பதற வேண்டியிருக்கிறது.)

3

நடந்தது இதுதான். பள்ளிக் குழந்தை ஒன்றுக்குத் தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. ஊர் எப்போதோ மறந்துபோன நோய். ஆய்வகம் உறுதி செய்த கையோடு அண்ணி மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்து, நோய்ப்பரவல் என்று அறிவிக்கச் சொன்னார்.

"ஒரே ஒரு குழந்தைம்மா! ஊரே சிரிக்கும்."

"இங்க வழக்கமா எத்தனை சார்?"

"ஒண்ணுமில்ல."

"இப்ப?"

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பாப் போனா உங்க தலைதான் உருளும்."

"உருளட்டும் சார். அதுக்குள்ள பிள்ளைங்க தொண்டையப் பார்த்துடறேன்."

அன்று மாலைக்குள் வகுப்பே வாயைப் பிளந்து காட்டியது. டார்ச் பிடித்தவர் அண்ணி. பள்ளியைச் சுற்றி, எங்கள் தெரு உட்பட, ஒரு வீடு விடாமல் தடுப்பூசி. (என் கையிலும் ஒன்று. நான் கத்தியது கதைக்குத் தேவையில்லை. முதல் குழந்தை பிழைத்துக்கொண்டது. ஐஸ் கேட்டு அடம்பிடிக்கிறதாம்.)

4

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) இன்னொரு குழந்தைக்கும் நோய் வருகிறது. அண்ணி சொன்னதே சரி. மேலதிகாரி எழுந்து நின்று—

(ஆ) யாருக்கும் வரவில்லை. 'ஒரு குழந்தைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்று ஊர் சிரிக்கிறது. சிரிப்பவர்களில் அந்த வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் இருக்கிறார்கள்.

எனக்கு (அ)தான் பிடித்திருந்தது. அண்ணி ஜெயிப்பதைப் பார்க்க அவ்வளவு ஆசை.

அவர் தாளைத் திருப்பித் தந்தார். "என்னை ஜெயிக்க வைக்க ஒரு பிள்ளையப் படுக்க வைப்பியா?"

பேனா மூடியைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

5

(அ) வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது குழந்தைக்கு முதலில் ஒரு பெயர் வையுங்கள். எந்த வகுப்பு, முன்பல் விழுந்துவிட்டதா என்றெல்லாம் முடிவு செய்யுங்கள். பிறகு, மனது வந்தால், காய்ச்சலைக் கொடுங்கள்.