யாருக்குக் கீழே

"கதிரையெல்லாம் இந்தப் பக்கம் போடுங்க. எங்கட கம்பெனி டைரக்டர் கொழும்பில இருந்து வந்துக்கொண்டிருக்கிறார். அவர் வந்தபிறகு சந்தூக்கத் தூக்கலாம்" என்று ஸரூக் முன் ஹோலில் நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான்.

கதவுத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஷஹீலா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹோலின் நடுவே சந்தூக்குப் பெட்டியில் கபன் துணி சுற்றிக் கிடந்தது அவளுடைய கணவன் முன்ஸிப். உத்தரவு போட்டவன் அவள் கூடப்பிறந்த நானா.

"நேத்தில இருந்து அவன் ஒரு வாய் தண்ணி குடிக்கல்ல. எல்லாத்தயும் ஓடியோடிச் செய்றான்" என்றாள் உம்மா ஸுபைரா.

"செய்யட்டும் உம்மா."

அவன் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து முடிக்கவேண்டும் என்றுதான் அவளும் இருந்தாள். அவள் காலையில் செய்த காரியம் ஒன்றே ஒன்று. கலாராணிக்குப் போன் எடுத்து, "நீங்க வரணும். முன் வாசலாலயே வரணும்" என்றாள்.

பதுளையில் இருக்கும் தேயிலைக் கம்பெனி ஒன்றில் ஸரூக் ஜெனரல் மெனேஜர். முன்ஸிப் அதே கம்பெனியில் எச்.ஆர். பகுதிக்குப் பொறுப்பு. கம்பெனியின் மடுல்சீமைப் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த கலாராணியின் கை ரோலர் மெஷினில் அகப்பட்டு மூன்று விரல்கள் போனபோது, முன்ஸிப் நேரில் போய் விசாரித்தான். வேலை சுணங்குகிறதென்று மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றச் சொன்னது ஸரூக். முன்ஸிப் அதை அப்படியே கொழும்புத் தலைமையகத்துக்கு அறிவித்தான். அப்போது எச்.ஆர். நேரே கொழும்புக்குக் கீழே இருந்தது.

ஸரூக் கொழும்புக்குப் போய்வந்தான். வந்த கையோடு எச்.ஆர். அவனுக்குக் கீழே வந்தது. அவன்மேல் கொடுத்த முறைப்பாடும் இறங்கி அவன் மேசைக்கே வந்தது. அந்த வெள்ளிக்கிழமை இதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "இனி என்னப்பத்தி என்ன சொல்றதெண்டாலும் என்னட்டத்தான் சொல்லணும், மச்சான்" என்று சிரித்தான். ஷஹீலா அவன் பீங்கானில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அந்தக் கரண்டி இன்னும் அவள் கையிலேயே இருப்பதுபோல உள்ளங்கை எரிந்தது.

கலாராணி கவனமில்லாமல் கையை விட்டாள் என்று கையெழுத்துப் போடச் சொன்னான் ஸரூக். முன்ஸிப் போடவில்லை. அவன்மேலேயே ஒழுக்காற்று விசாரணை வந்தது. நேற்று ஸரூக் அவனை விசாரணைக்கு வரச்சொல்லி, தன் அறைக்கு வெளியே மர வாங்கில் காலையெல்லாம் உட்காரவைத்தான். உள்ளே போனில் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம். பியோன் ப்ளேன்டீ கொண்டுவந்தபோது முன்ஸிப்பின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து அவன் கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

வெளியே கார் வந்து நின்றது. டைரக்டர் விஜேந்திரன் உள்ளே வந்து தலை குனிந்து நின்றார். ஸரூக் அவர் பக்கத்தில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு அவன் மச்சான் இல்ல சேர், சொந்தத் தம்பி."

பள்ளிவாசல் லெப்பை எழுந்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "மௌத்தானவர் யாருக்காவது மனக்கஷ்டம் குடுத்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கோங்க."

"மன்னிச்சோம்" என்றது கூட்டம். எல்லாருக்கும் மேலே ஸரூக்கின் குரல் கேட்டது. "நான் மனசார மன்னிச்சிட்டன்."

"எதுக்கு நானா?"

திரைக்குப் பின்னாலிருந்து ஷஹீலா கேட்டாள். உம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எதுக்கு மன்னிச்சீங்க எண்டு எல்லாருக்கும் சொல்லுங்க. கலாராணி, உங்கட கையக் கொஞ்சம் காட்டுங்க."

வாசலோரம் நின்ற கலாராணி, சேலைத் தலைப்பை விலக்கிக் கையை உயர்த்தினாள். ஆண்கள் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள்.

"டைரக்டர் சேர், என்ட மாப்பிள்ள யாருக்குக் கீழ வேல செஞ்சார்?"

விஜேந்திரன் திரைப் பக்கம் திரும்பினார். "ஸரூக்குக்குக் கீழ."

"ஸரூக் செஞ்ச பிழைய அவர் யாருக்கிட்டச் சொல்லணும்?"

அவர் ஸரூக்கைப் பார்த்தார்.

"அப்பிடி மாத்தினது யாரு சேர்?"

"நான்தாம்மா" என்றார் அவர் மெதுவாக. "நிர்வாகத்துக்குச் சுகம் எண்டு ஸரூக் கேட்டார்."

"ஷஹீலா!" ஸரூக்கின் குரல் உடைந்தது. "மய்யித்து வூட்ல என்ன பேச்சு இது?"

"மய்யித்து வூடுதான் நானா. இங்க உங்களுக்குக் கீழ யாரும் இல்ல."

அவள் முன்ஸிப்பின் தம்பியைக் கூப்பிட்டாள். "நப்ரீஸ், இவர் சந்தூக்கில கை வைக்கக்கூடாது. நேத்து அவர வெளிய உட்காரவச்சார். இண்டைக்கி இவர் வெளிய நிக்கட்டும்."

"இந்த வூடு உன்ட நானாட பேர்லடீ. நாளைக்கி எங்க போவாய்?" என்று உம்மா காதுக்குள் முனகினாள்.

"தெரியும் உம்மா."

நப்ரீஸ் ஸரூக்கைப் பார்க்காமலேயே சந்தூக்கின் முன்பக்கத்தைப் பிடித்தான். மற்றவர்களும் எழுந்தார்கள். கலிமாச் சத்தத்தோடு முன்ஸிப் படியிறங்கிப் போனான். டைரக்டர் கூட்டத்தின் பின்னால் நடந்தார். "நாளைக்கி ஒஃபிஸுக்கு வரவேணாம், ஸரூக்" என்று அவர் சொன்னது ஜன்னல் வரைக்கும் கேட்டது.

உம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கலாராணி உள்ளே வந்து ஷஹீலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்குக் கீழே, அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போகும் ஏற்றம் தெரிந்தது. சந்தூக்கு தோளுக்குத் தோள் மாறிக்கொண்டே போனது. தோள் மாறும்போதெல்லாம் ஸரூக் ஒரு எட்டு முன்னால் வந்தான். ஒவ்வொரு முறையும் வேறொரு கை முந்திக்கொண்டது. சந்திக்கு வந்ததும் அவன் நின்றுவிட்டான். மேலேயிருந்து இறங்கிய பனியில் முதலில் சந்தூக்கும், பிறகு கூட்டமும் மறைந்தன. நடுரோட்டில் அவன் மட்டும் தெரிந்தான்.

"சன்னல சாத்தவாம்மா?" என்றாள் கலாராணி. "குளிரு உள்ள வருதுங்க."

"கொஞ்ச நேரம் இரிக்கட்டும்" என்றாள் ஷஹீலா.